ஆறாயிரம் ரூபாய் ப்ரீஆம்ப், மூன்று இலட்ச ரூபாய் ப்ரீஆம்ப்: இராயபுரத்தில் ஓர் ஒப்பீடு

சிடி பிளேயர் போன்ற மூலக்கருவிக்கும் ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே நின்று ஒலி அளவைச் சரிசெய்யும் கருவியே ப்ரீஆம்ப். வால்வு இல்லாமல் டிரான்சிஸ்டர்களால் இயங்கும் குறைந்த விலை சாலிட் ஸ்டேட் ப்ரீஆம்ப் ஒன்று, இலட்சங்களில் விற்கும் ஹை-ஃபை கருவிக்கு ஈடு கொடுக்குமா என்ற கேள்விக்கு, சென்னை இராயபுரத்தில் உள்ள என் வீட்டுக் கூடத்தில் இரண்டையும் அருகருகே வைத்து ஒரு மாதம் கேட்ட பிறகே விடை எழுதத் துணிந்தேன். ஒன்று, ரிச்சி தெருவில் வாங்கிய பாகங்களைக் கொண்டு பழைய வண்ணாரப்பேட்டை மெக்கானிக் ஒருவர் அசெம்பிள் செய்து கொடுத்தது; என்இ5532 என்ற ஐசிகளை (பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கிய பாகங்களை) நம்பி இயங்குவது; பெட்டியோடு சேர்த்து ஆறாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மற்றொன்று, பெரம்பூரில் வசிக்கும் நண்பருடையது. ஐசியே இல்லாமல் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் அமைந்த, அவற்றில் எப்போதும் மின்னோட்டம் ஓடும் கிளாஸ் ஏ முறையில் இயங்கும் வெளிநாட்டுக் கருவி. விலை மூன்று இலட்சத்தைத் தாண்டும்.

மலிவான கருவியைப் பலர் ஏளனமாகப் பார்ப்பதற்கு அதிலுள்ள ஐசியின் விலையே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் 1979இல் சிக்னெடிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அந்த 5532, அதன் பிறகு வந்த ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்சிங் கன்சோல்கள் பலவற்றில் டஜன் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. நாம் வாங்கும் இசைத்தட்டுகளில் பல, அந்த ஐசிகளை வரிசையாகக் கடந்துதான் நம்மிடம் வந்து சேருகின்றன; வீட்டில் இன்னும் ஒன்றிரண்டைக் கடப்பதால் பாட்டு கெட்டுவிடும் என்று சொல்வதற்கு இடமில்லை. மேலும், சிடி பிளேயர் கொடுக்கும் சுமார் 2 வோல்ட், பெரும்பாலான பவர் ஆம்ப்ளிஃபயர்களை முழு வீச்சில் இயக்கப் போதுமானது. அத்தகைய மூலக்கருவியோடு இணையும்போது ப்ரீஆம்ப் செய்ய வேண்டியது பெருக்குவதைவிடக் குறைப்பதே.

இரண்டையும் ஒப்பிட, 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டின் வோல்ட் அளவும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி சரி செய்தோம். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் நடக்கும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை. சற்றே உரக்க ஒலிப்பதைத்தான் காது "தெளிவு" என்று எடுத்துக்கொள்ளும். பிறகு இரு பெட்டிகளையும் துணியால் மூடி, நண்பர் மாற்றி மாற்றி இணைக்க, நான் நாகஸ்வரமும் தவிலும் கேட்டு எது எது என்று சொல்ல முயன்றேன். பாதிக்குப் பாதிதான் சரியாக வந்தது. இடம் மாறி அமர்ந்த நண்பருக்கும் அவ்வாறே.

ஆயினும் இரவில் கதை வேறாக இருந்தது. விடியும் முன்பே காசிமேட்டுக்குக் கிளம்பும் அண்டை வீட்டார் எட்டரை மணிக்கே உறங்கப் போய்விடுவதாலும், இரு வீட்டுக்கும் சுவர் ஒன்றே என்பதாலும், நான் இரவில் மிகத் தாழ்வாகத்தான் கேட்க முடியும். வால்யூம் குமிழைக் கடிகாரத்தின் எட்டு மணி நிலைக்கு இறக்கியதும், என் கருவியில் தவில் வலப்பக்கம் நகர்ந்தது. இன்னும் சற்று இறக்கினால் இடது ஸ்பீக்கர் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். சாதாரண கார்பன் தட வால்யூமில், ஒரே தண்டில் சுழலும், இட வலப் பக்கங்களுக்கான இரண்டு தடங்களும் தொடக்கப் பகுதியில் ஒத்துப்போவதில்லை. 2, 3 டெசிபல் வேறுபாடு அங்கே வெகு இயல்பு. நண்பரின் கருவியிலோ, துல்லியமான ரெசிஸ்டர்களை ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக மாற்றி இணைப்பதால், எவ்வளவு தாழ்த்தினாலும் தவில் நடுவிலேயே நிற்கிறது. அவர் கொடுத்த பணத்துக்குக் காதில் விழும் முதல் பயன் இதுதான்.

இதை மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் வால்யூமை மாற்றச் சொல்லவில்லை. "கெயினைக் கம்மி பண்ணிடலாம் சார், குமிழ் தன்னால நடுவுக்கு வரும்" என்றார். போர்டில் இருந்த, பெருக்கத்தைத் தீர்மானிக்கும் 9.1 கிலோ ஓம் பின்னூட்ட ரெசிஸ்டரைக் கழற்றி, பக்கத்துக்கு ஒன்றாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சோல்டர் செய்தார். பத்து மடங்காக இருந்த பெருக்கம் இரண்டு மடங்காயிற்று. இப்போது அதே இரவு ஒலிக்குக் குமிழ் பத்து மணிக்கு மேல் நிற்கிறது. அங்கே இரு தடங்களும் போதுமான அளவு ஒத்துப்போகின்றன. செலவு சில ரூபாய்கள். இருந்தாலும் நள்ளிரவுக்குப் பின் கேட்கும் மிகத் தாழ்ந்த ஒலியில் ரிலே முறையே மேல்.

கடல் பக்கத்தில் வாழ்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் என் கருவியில் கேபிள்களைச் செருகும் ஆர்சிஏ சாக்கெட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறியது. மூலக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு சுவிட்சைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்றது. காற்றுப் புகாமல் மூடிய ரிலேக்களும் நல்ல தங்க முலாம் பூசிய சாக்கெட்டுகளும் உள்ள கருவிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. தடித்த அலுமினியப் பெட்டி, ரிமோட், ஒளிரும் எண்கள் ஆகியவை கண்ணுக்கும் கைக்கும் உரியவை. ஒலிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இசைத்தட்டு கேட்பவர்களுக்கு, எந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பாகம்) என்பதைப் பொறுத்து விடை மாறும். உள்ளே காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகை சுமார் 5 மில்லிவோல்ட் தரும். அதை நூறு மடங்கு பெருக்குவது 5532க்கு எளிது. 1985இல் தீக்கிரையாவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் என் தந்தை வாங்கிய தட்டுகளை அப்படித்தான் கேட்கிறேன். தட்டின் கீறல் ஒலிக்குக் கீழே கருவியின் இரைச்சல் மறைந்துவிடுகிறது. ஆனால் கம்பிச்சுருள் அசைந்து அரை மில்லிவோல்ட் அளவே தரும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜை ஆயிரம் மடங்கு பெருக்கும்போது ஐசியின் சொந்த இரைச்சல் "உஸ்" என்று மேலெழுகிறது. இரைச்சல் மிகக் குறைந்த டிரான்சிஸ்டர்களைப் பக்கவாட்டில் இணைத்து அமைத்த நண்பரின் கருவி இங்கே ஐயத்துக்கு இடமின்றி வென்றது; கண்ணை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து என்னால் சொல்ல முடிந்த இடம் இது ஒன்றே.

நண்பரிடம் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் இருப்பதால் அவர் தம் கருவியை வைத்துக்கொள்வது சரியே. என்னிடம் இல்லை, ஆகவே மீதிப் பணத்தில் ஸ்பீக்கரை மாற்ற முடிவு செய்திருக்கிறேன். அதற்கு முன், வரும் ஞாயிற்றுக்கிழமை, அந்தத் திறந்த தேர்வு சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு மூடிய ரிலேக்களைப் பொருத்த மெக்கானிக் வருகிறார்.