பின்னால் ஏற்றிய தேங்காய்: கேரவன் வேனோடு நான்கு ஆண்டுகள்

2021-ல் ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கி, கரூரில் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் விட்டு, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றினோம். பெருந்துறையிலிருந்து புறப்பட்டு வால்பாறை, திம்பம், ஏற்காடு, கொல்லிமலை என்று சுற்றி வந்தாகிவிட்டது. மெத்தையைப் பற்றியும் சோலார் தகட்டைப் பற்றியும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது சாமான் ஏற்றுவதைப் பற்றி. இந்த நான்கு ஆண்டுகளில் நான் பயந்த நேரமெல்லாம் அதனால்தான்.

முதல் பயம் ஓர் ஆடி மாதத்தில். பொள்ளாச்சியில் மாமனார் தோட்டத்திலிருந்து உடுமலை, தாராபுரம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்பது அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வண்டி பறக்கவில்லை, ஆனால் ஸ்டீயரிங் கையில் பஞ்சு மாதிரி இருந்தது. திருப்பினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு மெதுவாக ஓட்டினேன்.

காங்கேயத்தில் ஒரு எடைமேடையைப் பார்த்ததும் மனைவி, "ஏனுங்க, ஒரு தடவை எடை போட்டுப் பார்த்துவிடலாமே" என்றாள். கொப்பரைக் களங்களும் அரிசி ஆலைகளும் நிறைந்த ஊர் அது, எடைமேடைக்குப் பஞ்சமில்லை. முழு வண்டியையும் ஏற்றினோம். ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடைக்கு இன்னும் நூறு கிலோவுக்கு மேல் பாக்கி இருந்தது. நான் நிம்மதியாக இறங்கப் போனபோது மேடைக்காரர் விடவில்லை. "முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்துங்க" என்றார். அந்த எடையை மொத்தத்திலிருந்து கழித்தால் பின் அச்சின் சுமை வந்துவிடும். கழித்துப் பார்த்தபோது பின் அச்சு அதன் வரம்பைத் தாண்டியிருந்தது. "பின்னாடி என்னங்க ஏற்றியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அத்தை கொடுத்த நூறு தேங்காய், இரண்டு தண்ணீர் கேன், கருவிப்பெட்டி.

கணக்கு எளிதுதான், ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை மேலே எழும் ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த ஊர்க்காரனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 3.7 மீட்டர். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 150 கிலோவை வைத்தால், பின் அச்சின் மேல் ஏறுவது 150 இல்லை, ஏறக்குறைய 200 கிலோ. கூடுதலான அந்த ஐம்பது முன்சக்கரத்திலிருந்து தூக்கி எடுக்கப்படுகிறது. ஸ்டீயரிங் பஞ்சானது அதனால்தான். அங்கேயே மூட்டைகளை இறக்கி, முன் இருக்கைகளுக்குப் பின்னால் தரையில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். பெருந்துறை வரும்வரை அதே காற்றுதான் அடித்தது, வண்டி வேறு வண்டியாக இருந்தது.

பட்டறைக்காரர் தண்ணீர்த் தொட்டியையும் கடைசி மூலையில்தான் வைத்திருந்தார். குழாய் இழுக்க அவருக்கு அது வசதி. லிட்டருக்கு ஒரு கிலோ என்றால் 80 லிட்டர் தொட்டி ஓர் ஆளைவிடக் கனம். அடுத்த ஆண்டு செலவு செய்து அதை நடுவில், சோபாவுக்கு அடியில் மாற்றினோம். ஐம்பது கிலோவுக்கு மேல் இருந்த டியூபுலர் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் வைத்தோம். விலை வலித்தது. மலைக்குப் போகும்போது தொட்டியை அநேகமாகக் காலியாகவே வைக்கிறேன், அரைத் தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் பக்கம் மாறி மோதும். வழியில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவதில்லை.

இரண்டாவது பயம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதைத் தாண்டவில்லை, மேல் அலமாரிக் கதவு திறந்து, இஞ்சி பூண்டு தட்டும் இடிகல் பறந்து வந்து சமையல் மேடையில் விழுந்தது. மேடையில் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. அரை அடி தள்ளி விழுந்திருந்தால் என் மகனின் தலை. காந்தப் பூட்டை நம்பியது என் முட்டாள்தனம். இப்போது எல்லாக் கதவுக்கும் அழுத்தித் திறக்கும் பூட்டு, மேலே துணியும் அப்பளமும் மட்டும். இடிகல், குக்கர், அரிசி டப்பா எல்லாம் தரையோடு இருக்கும் பெட்டியில். இடப்பக்கம் பிரிட்ஜ் இருப்பதால் கனமான சாமான் வலப்பக்கம்.

கேஸ் விஷயத்தில் மட்டும் பட்டறைக்காரரைப் பாராட்ட வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே தங்கும். ஐந்து கிலோ சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடித்தட்டில் வெளியே போக ஓட்டை விட்டிருக்கிறார். ஓடும்போது ரெகுலேட்டரை அணைத்துவிடுகிறேன். இரவு உள்ளே அடுப்பைக் கணப்பாக்கிக்கொண்டு தூங்குவதே இல்லை, ஏற்காட்டுக் குளிரிலும்.

டயரின் காற்றழுத்தத்தை வெயில் ஏறுமுன் வீட்டிலேயே பார்க்கிறேன். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கமும் முக்கியம்: 3219 என்றால் 2019-ன் 32-வது வாரத்தில் செய்தது. நாங்கள் வாங்கியபோது பள்ளங்கள் புதிதுபோல இருந்தன, ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு. எல்லாவற்றையும் மாற்றினேன். கனம் ஏற்றிய வண்டியைத் திம்பத்தின் 27 வளைவுகளில் இறக்கும்போது இரண்டாவது கியர்தான், பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் பாதியிலேயே கருகிய வாடை வரும்.

புறப்படும் முன் ஒருவர் வண்டியைச் சுற்றி வர வேண்டும் என்பது மனைவி போட்ட சட்டம். படிக்கட்டு உள்ளே போயிருக்கிறதா, கூரை ஜன்னல் மூடியிருக்கிறதா என்று அவளே பார்ப்பாள். கூரை ஏசியோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து டேஷ்போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம், ஈரோட்டில் ஒரு ரயில்வே பாலத்தடியில் பின்னோக்கி வர நேர்ந்த பிறகு. வண்டியை மாற்றி அமைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிந்துவிடுங்கள். எனக்கு அலைச்சல் அதிகம்தான், ஆனால் செக்போஸ்டில் வாக்குவாதம் இல்லை.

இன்னும் சரியாகாத ஒன்று, மேடான சாலையில் சோபாவுக்கு அடியில் வரும் கிறீச் சத்தம். போன மாதம் பொள்ளாச்சியில் அத்தை, "மாப்பிள்ளை, மூட்டையை நடுவிலேயே வைக்கச் சொல்லிவிட்டேனுங்க" என்றார். எண்ணிப் பார்த்தேன், இந்த முறை நூற்றைம்பது. ஐம்பதை இறக்கிவைத்துவிட்டு வந்தோம்.