மிண்ட்டா, உபுண்டுவா, ஃபெடோராவா? வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டில் இருப்பது கொஞ்சம் பழைய கணினி என்றால் விண்டோஸ் 11-ஐ முறைப்படி அதில் ஏற்ற முடியாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்க வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. கணினி என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸுக்கு எங்கள் வீட்டு மடிக்கணினி வந்தது இப்படித்தான். லினக்ஸுக்குப் போவோம் என்று முடிவெடுப்பது எளிது. ஆனால் அது பல வகைகளில் வருகிறது, எந்த லினக்ஸ் என்ற கேள்விதான் ஆளை இழுத்தடிக்கும்.

மூன்றை வைத்துப் பார்த்தேன்: லினக்ஸ் மிண்ட் 22 (சின்னமன் என்ற திரை அமைப்போடு வரும் பதிப்பு), உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு), ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷன். கடைசியில் நிலைத்தது மிண்ட். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் பேசும் விஷயங்களைச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம். மூன்றும் இலவசம், மூன்றும் திறமூலம். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், விஎல்சி மூன்றிலும் ஒன்றுதான். தோற்றத்தில் மிண்ட்டுக்குக் கீழே இடது மூலையில் மெனு உண்டு, விண்டோஸ் 7 பார்த்த கைக்கு உடனே பழகிவிடும். உபுண்டுவில் இடது ஓரமாக ஐகான் வரிசை. ஃபெடோராவில் திரை வெறுமையாக இருக்கும், விண்டோஸ் விசையை அழுத்தினால் செயலிகள் வரும். இதையெல்லாம் வைத்து முடிவெடுக்க வேண்டாம், எந்தத் தோற்றமும் ஒரு வாரத்தில் பழகிப்போகும். வேகத்தைப் பற்றிச் சொன்னால், 8 ஜிபி நினைவகம் இருந்தால் மூன்றும் தாராளமாக ஓடும். 4 ஜிபிதான் என்றால் மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்த ஒப்பீட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு முதலில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போடுங்கள். எந்த லினக்ஸை வைத்தாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

சரி, எதை வைத்துத்தான் முடிவெடுப்பது? என் பார்வையில் ஒரே ஒரு கேள்விதான். இன்ஸ்டால் செய்தவர் பக்கத்தில் இல்லாதபோது இந்தக் கணினி எவ்வளவு காலம் ஒழுங்காக ஓடும்? வீட்டுக் கணினியில் உட்காருபவர்கள் அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். அவர்களுக்கு லினக்ஸ் என்றால் என்ன என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாள் எப்படி இருக்கிறது என்பதைவிட மூன்றாம் வருடம் அப்டேட் வரும்போது என்ன ஆகிறது என்பதுதான் அங்கே முக்கியம்.

இந்தக் கேள்வியை வைத்தால் ஃபெடோரா முதல் சுற்றிலேயே விழுந்துவிடுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஏனென்றால் மூன்றில் பார்க்க மிகச் சுத்தமாக இருந்தது அதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய ஃபெடோரா வரும், ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதம். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம் என்றாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது முழு இயங்குதளத்தையும் மாற்றியே ஆகவேண்டும். மாற்றம் சிக்கலில்லாமல்தான் நடக்கிறது. மென்பொருள் செயலியில் அறிவிப்பு வரும், பதிவிறக்கம் ஆகும், ரீஸ்டார்ட் ஆகி சதவீதக் கணக்கு ஓடும், முடிந்துவிடும். ஆனால் அந்தச் சதவீதம் நாற்பதில் நிற்கும்போது 'இது என்னப்பா மாட்டிக்கிச்சு' என்று பவர் பட்டனை அழுத்த ஒரு ஆள் வீட்டில் இருப்பார். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் இடையிடையே மாறிக்கொண்டே இருக்கும். என்விடியா கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்து ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளி மென்பொருள் களஞ்சியம் வழியாக அதை இயக்கும் டிரைவர் போட்டிருந்தால், கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த டிரைவர் உங்கள் கணினியிலேயே மறுபடி உருவாக்கப்படும். அதற்குள் அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்தால் திரை சரியாக வராமல் போகலாம். எங்கள் கணினியில் இருப்பது இன்டெல் கிராபிக்ஸ் என்பதால் இதை நான் நேரில் பட்டதில்லை. காப்புரிமைச் சிக்கல் உள்ள வீடியோ கோடெக்குகளை (சில வகை வீடியோக்களை ஓடவைக்கும் மென்பொருள்) ஃபெடோரா தன்னோடு தருவதில்லை, அவற்றையும் ஆர்பிஎம் ஃபியூஷனில் இருந்து நீங்களே சேர்க்க வேண்டும். மிண்ட்டில் இன்ஸ்டால் செய்யும்போதே ஒரு பெட்டியில் டிக் போட்டால் வேலை முடிந்தது.

உபுண்டுவும் மிண்ட்டும் என்று வரும்போது போட்டி நெருக்கம். மிண்ட் 22 வரிசை முழுக்க உபுண்டு 24.04-இன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் பெரும்பாலான மென்பொருள் ஒரே சரக்கு. இரண்டுக்கும் ஆதரவு 2029 வரை. உபுண்டுவில் ப்ரோ என்ற கூடுதல் ஆதரவுக் கணக்கு எடுத்துக்கொண்டால் 10 வருடமாக நீட்டிக்கலாம், சொந்த உபயோகத்துக்கு ஐந்து கணினி வரை அது இலவசம். ஆக, எவ்வளவு காலம் ஆதரவு என்ற கணக்கில் உபுண்டு ஒரு படி மேலே.

வித்தியாசம், அப்டேட் எப்படி வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது. உபுண்டு சில செயலிகளை ஸ்னாப் என்ற பொதியாகத் தருகிறது. 22.04-இல் இருந்து ஃபயர்பாக்ஸும் அப்படித்தான். ஸ்னாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும், ஒரு நாளைக்கு நான்கு முறை புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரவுசர் திறந்திருக்கும்போது புதுப்பிக்க முடியாது. அதனால் மேலே ஒரு அறிவிப்பு வந்து நிற்கும்: ஃபயர்பாக்ஸுக்கு அப்டேட் காத்திருக்கிறது, இடைஞ்சல் வராமல் இருக்க செயலியை மூடுங்கள், இன்னும் 13 நாள் இருக்கிறது என்று. வீட்டில் பிரவுசரை யார் மூடுகிறார்கள்? மூடியை மடக்குவார்கள், திறப்பார்கள், அவ்வளவுதான். 13 நாள் கழித்து என்ன ஆகும் என்று அந்த அறிவிப்பைப் பார்ப்பவருக்குப் புரியாது. கணினி நின்றுவிடுமோ, பணம் கேட்குமோ என்று பயந்து போன் செய்வார்கள். இது தொழில்நுட்பக் குறை என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் வீட்டுக் கணினியின் நிம்மதியைக் கெடுப்பது இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான். பழைய கணினிகளில் ஸ்னாப் செயலி முதல் தடவை திறக்கும்போது தாமதமாவது தனிக்கதை.

மிண்ட் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பில் இருந்தே ஸ்னாப் தானாக உள்ளே நுழையாதபடி தடுத்துவைத்திருக்கிறது. வேண்டுமென்றால் அந்தத் தடையை எடுத்துவிடலாம். ஃபயர்பாக்ஸ் அங்கே சாதாரணப் பொதியாகவே வருகிறது. கீழே பட்டையில் ஒரு கேடயம், அப்டேட் இருந்தால் அதில் ஒரு புள்ளி. அதைத் திறந்தால் பட்டியல் வரும், பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஒரு படம், கெர்னலுக்கு மின்னல் படம். பாஸ்வேர்டு போட்டு ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

இதில் மிண்ட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்டுகள் யாரையும் கேட்காமல் பின்னால் ஏறிவிடும். மிண்ட் அதை உங்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறது. புள்ளி அங்கேயே மாதக்கணக்கில் கிடக்க, அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதனால் இன்ஸ்டால் செய்த கையோடு அப்டேட் மேனேஜரின் விருப்பத்தேர்வுகளில் தானியங்கி என்ற பகுதிக்குப் போய் இரண்டு விஷயங்களைப் போட்டுவிடுங்கள்: அப்டேட்டுகள் தானாக ஏறட்டும், பழைய கெர்னல்கள் தானாக நீங்கட்டும். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கெர்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், சின்ன எஸ்எஸ்டி என்றால் ஒருநாள் அப்டேட்டே ஏறாது.

இவ்வளவு சொன்னாலும் என் முடிவைத் தீர்மானித்தது டைம்ஷிஃப்ட்தான். சிஸ்டம் கோப்புகளை அப்படியே படம்பிடித்து வைக்கும் கருவி இது. மிண்ட்டோடு சேர்ந்தே வருகிறது, இப்போது அதைப் பராமரிப்பதும் மிண்ட் குழுதான். நீங்கள் அமைக்காமல் விட்டால் அப்டேட் மேனேஜரே நினைவூட்டும். தினம் ஒன்று, வாரம் ஒன்று, எத்தனை பழைய படங்களை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதுபாட்டுக்கு வேலையைச் செய்யும். மாறாத கோப்புகளை அது திரும்ப நகலெடுப்பதில்லை, அதனால் முதல் படத்துக்குத்தான் நிறைய இடம் பிடிக்கும்.

ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். டைம்ஷிஃப்ட்டைத் திறந்து நேற்றைய தேதியைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டோர் அழுத்தினால் கணினி ரீஸ்டார்ட் ஆகி நேற்றைய நிலைக்குப் போய்விடும். போனில் சொல்லிச் செய்யவைக்கக்கூடிய வேலை இது. டெர்மினலில் கட்டளை அடிக்க வைப்பதை யோசித்துப் பாருங்கள், ஒரு ஸ்லாஷ் எங்கே இருக்கிறது என்று சொல்லவே பத்து நிமிடம் ஆகும். கணினி திறக்கவே இல்லை என்றாலும் இன்ஸ்டால் செய்த பென் டிரைவை மாட்டி அதிலிருந்தே டைம்ஷிஃப்ட்டை ஓட்டலாம். உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் இதை நிறுவிக்கொள்ள முடியும். ஆனால் நீங்களாக நினைத்து, தேடி, அமைக்க வேண்டும். மிண்ட்டில் அது முதல் நாளே கண்முன் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. டைம்ஷிஃப்ட் உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் காப்பாற்றாது. இயல்பான அமைப்பில் ஹோம் கோப்புறையை அது தொடுவதே இல்லை. சிஸ்டம் பழைய நிலைக்குப் போகும்போது நேற்று எழுதிய கடிதம் காணாமல் போகக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. சொந்தக் கோப்புகளுக்குத் தனி பேக்கப் வேண்டும், வெளியே ஒரு டிரைவில்.

தமிழ் தட்டச்சைப் பொறுத்தவரை மூன்றிலும் பிரச்சினை இல்லை. பிற மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ்ஸோடு, விசைப்பலகை முறைகள் அடங்கிய எம்17என் பொதியையும் போட்டால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சு முறை எல்லாம் வந்துவிடும். உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியிலேயே சேர்த்துவிடலாம், நான் பார்த்த மிண்ட் 22-இல் உள்ளீட்டு முறை என்ற தனி இடத்துக்குப் போய், அமைத்து, லாக்அவுட் செய்து வர வேண்டியிருந்தது. இங்கே மிண்ட் பின்தங்கித்தான் இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் முதலில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பதற வேண்டாம், விண்டோஸில் இருந்த அந்த எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் செய்தால் லிப்ரே ஆபீஸ் அப்படியே காட்டும். விண்டோஸை அழிப்பதற்கு முன் அதன் எழுத்துருக் கோப்புறையில் இருந்து தமிழ் எழுத்துருக்களை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

யாருக்கு மிண்ட் பொருந்தாது? புத்தம்புதிய மடிக்கணினி வாங்கியவர்களுக்கு ஃபெடோராவின் புதிய கெர்னல்தான் உதவும். அதிகத் தெளிவுத்திறன் கொண்ட திரையோடு சாதாரண மானிட்டரையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். இரண்டுக்கும் வெவ்வேறு அளவில் எழுத்து காட்ட வேயிலேண்ட் என்ற புதிய திரைக்காட்சி அமைப்பு தேவைப்படுகிறது, சின்னமனில் அது இன்னும் சோதனை நிலையில்தான். கேம் ஆடுபவர்கள் என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம், நான் அதை முயன்று பார்த்ததில்லை. ஸ்டீம் விளையாட்டுக் கடையின் புரோட்டான் என்ற கருவி வழியாக நிறைய விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுகின்றன. ஆனால் ஆன்லைன் போட்டி விளையாட்டுகளில் சில, அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளால் லினக்ஸில் ஓடுவதில்லை. அடோபியின் போட்டோஷாப்தான் பிழைப்பு என்றால் இந்த மூன்றில் எதுவும் வேண்டாம், விண்டோஸிலேயே இருங்கள்.

மாறுவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் டிரைவைப் பூட்டிவைக்கும் அதன் பிட்லாக்கர் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸில் இருந்து விண்டோஸ் டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகும்.

அப்புறம், இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவில் இருந்தே ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, வெப்கேமில் முகம் தெரிகிறதா, ஹெட்போன் மாட்டினால் சத்தம் மாறுகிறதா, பிரிண்டர் தானாகப் பட்டியலில் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசியாக மூடியை மடக்கி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, உறக்கத்தில் இருந்து ஒழுங்காக எழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதில் ஏதாவது ஒன்று மிண்ட்டில் தகராறு செய்தால் அதே பென் டிரைவில் ஃபெடோராவைப் போட்டு ஒருமுறை சோதியுங்கள். அதில் சரியாக வந்தால் உங்கள் கணினிக்குப் புதிய கெர்னல் தேவைப்படுகிறது என்று அர்த்தம். அப்போது வருடாந்தர மாற்றத்துக்கு நீங்களே பக்கத்தில் இருந்தாக வேண்டும்.