கிராப்பிக்கு உயிர் மீனா, ஜிக்கா? கரையில் நிற்பவன் கணக்கு

ஏப்ரல் வந்தால் அமெரிக்காவின் அலபாமாவில் டென்னசி ஆற்றங்கரையெல்லாம் இதே வாக்குவாதம்தான்: கிராப்பி என்கிற நன்னீர் மீனுக்கு மின்னோ என்ற உயிர் மீனை இரையாகக் கோப்பதா, ஜிக் என்ற ஈயத்தலை முள்ளில் ரப்பர் வால் மாட்டிய போலி இரையை வீசுவதா? படகு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை, மீன் கிடக்கிற இடத்துக்கு நேர் மேலே போய் நின்று எதைப் போட்டாலும் பிடித்துவிடுவார்கள். கரையை விட்டு நகர முடியாத நமக்குத்தான் தலைவலி. அதனால் போன சனிக்கிழமை ஹன்ட்ஸ்வில் பக்கத்தில் டிட்டோ லேண்டிங்கில் எனக்கு மின்னோ, மச்சானுக்கு ஜிக் என்று பிரித்துக்கொண்டு காலை 6 மணிக்கே போய் நின்றோம்.

மின்னோ என்பது விரல் நீளப் பொடி மீன். மெல்லிய கம்பி முள்ளில் உதட்டோடு கோத்து, தக்கைக்குக் கீழே தொங்கவிட்டால் அதுவே துடித்துக்கொண்டிருக்கும், நாம் காபி குடிக்கலாம். கிராப்பி மேலே பார்த்தே இரை தேடும்; தலைக்கு மேல் வருவதை எழும்பி எடுக்குமே தவிர கீழே கிடப்பதைப் பெரும்பாலும் சீண்டாது. ஆக ஆழம் தப்பினால் எந்த இரையும் வீண். தக்கை முங்கும் என்று காத்திருந்தும் பயனில்லை, பல நேரம் அது பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். மீன் இரையோடு மேலே வருவதால் ஈயக்குண்டின் பாரம் விட்டுப்போய்த் தக்கை சாய்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் குளிர்ந்து, மீன் சோம்பிக் கிடந்த அந்த முதல் ஒரு மணி நேரத்தில் எனக்கு ஐந்து, மச்சானுக்கு ஒன்று.

ஆனால் வாளியைச் சுமக்க வேண்டும். வெயில் ஏறினால் மின்னோ செத்துப்போகும். ஒருமுறை வாளியில் தண்ணீர் குறைகிறதே என்று வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன், அதில் குளோரின் இருப்பது ஞாபகமே வரவில்லை, கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது.

ஜிக்குக்கு அந்தத் தொல்லை கிடையாது. 1/16 அவுன்ஸ் ஈயத்தலை, கிட்டத்தட்ட 1.8 கிராம், அதில் கிளிப்பச்சையில் ஒரு ரப்பர் வால். சட்டைப்பையில் இருபது போட்டுக்கொண்டு கரையோரமாக நடந்துகொண்டே வீசலாம், இங்கே இல்லையென்றால் அடுத்த மரக்கட்டை. 8 மணிக்கு மேல் மச்சான் அப்படித்தான் ஒரு சாய்ந்த மரத்தடியில் கூட்டத்தையே கண்டுபிடித்தார். நான் முள்ளில் அடுத்த மின்னோவைக் கோத்து முடிப்பதற்குள் அவர் இரண்டு தூக்கிவிடுவார். கூடவே கட்டையில் மாட்டி ஏழு ஜிக் காலி. அது மட்டுமா, தாமிரபரணியில் கெளுத்தி இழுத்த பழக்கத்தில் சுண்டிச் சுண்டி இழுத்து மூன்று மீனைக் கோட்டை விட்டார். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, சுண்டினால் கிழிந்துவிடும். “மாப்ளே, இது மீனா அப்பளமா?” என்றார்.

நீரோட்டத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். மேலே கன்டர்ஸ்வில் அணையில் மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு இழுக்க ஆரம்பித்துவிடும். அப்போது தக்கை ஓடிக்கொண்டே இருக்கும், லேசான ஜிக் எங்கே போகிறதென்றே கைக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் மரத்துக்குப் பின்னால் நீர் தேங்குகிற இடத்தில் போட்டால்தான் உண்டு.

என்னைக் கேட்டால், கரையிலிருந்து பிடிப்பவர் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் ஜிக் வாங்கட்டும், ஆனால் அதையும் தக்கைக்குக் கீழே கட்டட்டும். ஆழம் நம் கையில் இருக்கும், கட்டையில் மாட்டுவதும் பாதியாகக் குறையும். மின்னோ ஒரு டஜன் போதும், விடிகாலைக்கு மட்டும். மச்சான் தக்கை கட்டச் சம்மதிக்கவில்லை, அது சின்னப் பிள்ளைகள் வேலையாம். 10 மணிக்குக் கிளம்பும்போது எனக்கு ஒன்பது, அவருக்கு பதினொன்று. அதில் இரண்டு, சட்டம் சொல்லும் 9 அங்குலத்துக்குக் குறைவு என்று அளவுகோலை வைத்துக் காட்டி ஆற்றில் விடவைத்தேன். வீடு வரைக்கும் பேசவில்லை.