‘ப்ரீ-டென்டல் பேக்கேஜ்’ என்று யாராவது வந்தால் உஷார்

அமெரிக்காவில் பிள்ளையைப் பல் டாக்டராக்க நினைக்கும் நம்மவர்களுக்காக, குறிப்பாக நியூஜெர்சி பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘ப்ரீ-டென்டல் பேக்கேஜ்’ என்ற பெயரில், அதாவது டென்டல் ஸ்கூலுக்கு முந்தைய கல்லூரிப் படிப்புக்கு வழிகாட்டுவதாகச் சொல்லி, ஒரு கல்வி ஆலோசகர் எங்களிடம் 4,800 டாலர் வாங்கினார். நம்ம ஊர்க்காரர்தான், நன்றாகத் தமிழ் பேசுவார். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். மகளின் மதிப்பெண்ணில் அவர் செய்துவைத்த சேதம்தான் ஆறவில்லை.

இவருடைய தொழில் ஓடுவதே நம் ஊர்ப் பழக்கத்தை வைத்துத்தான். அங்கே பிளஸ் டூவில் பயாலஜி, நீட், அப்புறம் நேராக 5 வருட பி.டி.எஸ். இங்கேயும் அப்படி ஒரு குரூப் இருக்கும் என்று நாம் நினைப்பது அவருக்குத் தெரியும். முதல் ஜூம் கூட்டத்திலேயே, “பயாலஜி மேஜர் எடுக்கலைன்னா டென்டல் ஸ்கூல் திரும்பிக்கூடப் பார்க்காது சார்” என்றார். மேஜர் என்றால் கல்லூரியில் எடுக்கும் முதன்மைப் பாடம். மகளுக்குப் பிடித்தது சைக்காலஜி. அதை மைனராக, அதாவது துணைப் பாடமாகக்கூட வைக்க விடவில்லை.

இது சுத்தப் பொய். முதலில், பெரும்பாலான கல்லூரிகளில் ப்ரீ-டென்டல் என்று ஒரு மேஜரே கிடையாது. டென்டல் ஸ்கூல்கள் கேட்பது சில பாடங்களை மட்டும்தான்: லேபோடு பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பெரும்பாலும் பிசிக்ஸ், பயோகெமிஸ்ட்ரி, கொஞ்சம் ஆங்கிலம். பள்ளிக்குப் பள்ளி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. இவற்றை முடித்துவிட்டால் மேஜர் சைக்காலஜியாக இருக்கலாம், எகனாமிக்ஸாக இருக்கலாம், இசையாகக்கூட இருக்கலாம். நிறையப் பேர் பயாலஜி எடுப்பதற்குக் காரணம், கேட்கிற பாடங்களில் பாதிக்கு மேல் அந்த மேஜருக்குள்ளேயே வந்துவிடும் என்பதுதான்.

அடுத்து அவர் போட்டுக்கொடுத்த அட்டவணை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், ஜெனடிக்ஸ் மூன்றையும் ஒரே செமஸ்டரில் அடைத்துவிட்டார். சீக்கிரம் முடித்தால் சம்மரிலேயே டிஏடி என்ற டென்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வை எழுதலாமாம். ஆர்கானிக்கில் சி மைனஸ் வந்தது. பல டென்டல் ஸ்கூல்கள் இந்தப் பாடங்களில் ‘சி’ கிரேடுக்குக் கீழே ஏற்காது. மகள் அழுதுகொண்டே போன் செய்தபோது, “கவலைப்படாதம்மா, திரும்ப எடு, பழைய கிரேடு அழிஞ்சிடும்” என்றிருக்கிறார்.

கல்லூரிக் கணக்கில் அழிந்தது உண்மைதான். ஆனால் டென்டல் ஸ்கூல் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆட்சாஸ் என்ற பொது விண்ணப்ப முறை வழியாகத்தான் போகும். அங்கே ஒரு பாடத்தை எத்தனை முறை எடுத்தாலும் எல்லா கிரேடையும் சேர்த்தே ஜிபிஏ, அதாவது சராசரி கிரேடு, போடுவார்கள். அறிவியல் பாடங்களுக்குத் தனி ஜிபிஏ வேறு. ஆக, கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஒரு எண், பள்ளிகள் பார்ப்பது அதைவிடக் குறைந்த இன்னொரு எண். இந்த அடிப்படை விஷயம் தெரியாமலா ஒருவர் இதைத் தொழிலாகச் செய்வார்?

அவருடைய லட்சணத்துக்கு இன்னொன்றும் சொல்கிறேன். ‘டிஏடி பிசிக்ஸ் கோச்சிங்’ என்று தனியாக 600 டாலர் கேட்டார். அமெரிக்க டிஏடி தேர்வில் பிசிக்ஸ் கேள்வியே கிடையாது! பயாலஜி, இரண்டு கெமிஸ்ட்ரி, வாசிப்பு, கணக்கு, அப்புறம் உருவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் பிஏடி பகுதி, அவ்வளவுதான். பயிற்சி தேவைப்படுவது அந்த பிஏடிக்கு. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நல்லவேளை, இந்த 600 மட்டும் கொடுக்கவில்லை. தேர்வு விவரத்தை மகளே படித்துப் பார்த்து என்னிடம் காட்டியதில்தான் ஆள் யாரென்று புரிந்தது.

அதன் பிறகு அவள் கல்லூரியில் இருக்கும் ப்ரீ-ஹெல்த் அட்வைசரிடம் போனாள். கட்டணம் கிடையாது. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவரிடம் போகவே வேண்டாம், எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்கள் என்று நம்ம ஆள் திரும்பத் திரும்பச் சொல்லிவைத்திருந்தார். ஏன் சொன்னார் என்று இப்போது தெரிகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘வழிகாட்டல் மட்டுமே, முடிவுகளுக்குப் பொறுப்பல்ல, முதல் சந்திப்புக்குப் பின் பணம் திரும்பாது’ என்ற ஒப்பந்த வரியை போட்டோ எடுத்து அனுப்பினார். கார்டு வாங்க மாட்டேன், ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில்தான் அனுப்ப வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். கார்டாக இருந்தால் வங்கி மூலம் தகராறு எழுப்பலாம். ஸெல்லில் நாமே அனுப்பிய பணத்தை மீட்பது மிகவும் கஷ்டம், வங்கியும் கையை விரித்துவிட்டது. மாநில நுகர்வோர் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்.

மகள் இப்போது சைக்காலஜிக்கு மாறிவிட்டாள். பாக்கியிருக்கும் அறிவியல் பாடங்களைச் செமஸ்டருக்கு ஒன்றிரண்டாக எடுக்கிறாள். விண்ணப்பம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அந்த ஆள் இப்போது வேறு பெயரில் இலவச வெபினார் நடத்துகிறார். லிங்க் உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வரலாம். வந்தால் உள்ளே போய், எல்லார் முன்னாலும், ஆட்சாஸில் ரிபீட் செய்த பாடத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று மட்டும் கேளுங்கள்.