லாக்ரொட்டேட்: எதைச் செய்யாது என்று தெரிந்தால் நம்பி வைக்கலாம்

லினக்ஸ் சர்வரில், நிரல்கள் எழுதும் லாக் கோப்புகளை அவ்வப்போது பெயர் மாற்றி ஒதுக்கி, பழையவற்றை அழிக்கும் (இதைத்தான் சுழற்றுவது என்கிறோம்) லாக்ரொட்டேட் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். அதனாலேயே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டிஸ்க் நிரம்பிய இரவில்தான் கான்ஃபிக்கைத் திறக்கிறார்கள். கருவி நல்ல கருவி. சிறியது, சொன்னதைச் செய்வது. ஆனால் அது எப்போதும் பின்னணியில் ஓடி லாக்கைக் காவல் காக்கும் டீமன் இல்லை. நேரம் பார்த்து நிரல்களை ஓட்டும் கிரானோ சிஸ்டம்டி டைமரோ எழுப்பினால் எழும், கோப்புகளைப் பார்க்கும், பெயர் மாற்றும், முடித்துக்கொள்ளும். அதன் மேல் வரும் புகார்களில் பாதி இதைக் கவனிக்காததால் வருபவை.

அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சைஸ் 100எம்' என்று எழுதினால் கோப்பு நூறு எம்பியைத் தொட்டவுடன் சுழலும் என்று நினைப்போம். வழக்கமான அமைப்பில் அது நாளுக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. அடுத்த ஓட்டத்துக்குள் கோப்பு 20 ஜிபி ஆனாலும் அதற்குத் தெரியாது. 'டெய்லி', 'சைஸ்' இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் பிந்தி வந்ததுதான் செல்லும். தினமும் சுழல வேண்டும், நடுவில் பெருத்தாலும் சுழல வேண்டும் என்றால் எழுத வேண்டியது 'மேக்ஸ்சைஸ்'. நாள் ஆகியும் சின்னதாக இருந்தால் அப்படியே இருக்கட்டும் என்றால் 'மின்சைஸ்'.

மேக்ஸ்சைஸால் பயன் கிடைக்க, மணிக்கொரு முறையாவது ஓட்ட வேண்டும். டைமர் உள்ள கணினியில் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து, 'ஆன்காலண்டர்' வரியை முதலில் வெறுமையாக ஒருமுறை எழுதி, அடுத்த வரியில் 'அவர்லி' போடுங்கள். வெறுமை வரி இல்லாவிட்டால் பழைய நேரமும் கூடவே நிற்கும். லாக்ரொட்டேட் கான்ஃபிக்கில் மட்டும் 'அவர்லி' எழுதி டைமரைத் தொடாமல் விட்டால் ஒன்றும் நடக்காது.

இங்கே, சுழன்ற கோப்பின் பெயரோடு தேதியைச் சேர்க்கும் 'டேட்எக்ஸ்ட்' ஒரு பொறி வைத்திருக்கிறது. டெய்லியோடு அதன் பின்னொட்டு ஆண்டு, மாதம், நாள் மட்டும்தான். அதே நாளில் மேக்ஸ்சைஸால் இரண்டாம் சுழற்சி வந்தால், அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை சொல்லி விட்டுவிடும். லாக் வளர்ந்துகொண்டே போகும். 'டேட்ஃபார்மட்' வரியில் மணியையும் சேர்த்தால் சரியாகிவிடும்.

உண்மையான சிக்கல் பெயர் மாற்றத்திலேயே இருக்கிறது. பெயர் மாறினாலும் ஐநோட், அதாவது டிஸ்கில் கோப்பின் உண்மையான அடையாளம், மாறுவதில்லை. லாக்கைத் திறந்து வைத்திருக்கும் நிரல் தன் கையில் உள்ள ஃபைல் டிஸ்கிரிப்டரிலேயே (திறந்த கோப்பின் கைப்பிடி) எழுதிக்கொண்டிருக்கும்; அதாவது புதுக் கோப்பு காலியாக நிற்க, '.1' வளரும். பிறகு அந்தக் கோப்பு ஜிசிப்பால் சுருக்கப்பட்டு அழிக்கப்பட்டாலும், நிரல் அதை மூடும்வரை இடம் திரும்பாது. டிஸ்கின் மொத்த நிலையைக் காட்டும் டிஎஃப் நிரம்பிவிட்டது என்கிறது, கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் டியூ கணக்கில் ஒன்றுமில்லை என்றால், அழிந்தும் திறந்தே இருக்கும் கோப்புகளைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' அடித்துப் பாருங்கள், குற்றவாளி வரிசையில் நிற்கும். ஆகவே சுழற்சிக்குப் பிறகு ஓடும் 'போஸ்ட்ரொட்டேட்' பகுதியில், லாக்கைப் புதிதாகத் திறக்கச் சொல்லி நிரலுக்குச் சிக்னல் அனுப்பியே ஆக வேண்டும்: வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் மாஸ்டருக்கு யூஎஸ்ஆர்1, சிஸ்டம் லாக்கை எழுதும் ஆர்சிஸ்லாகுக்கு ஹப். ஆக்சஸ், எரர் என்று பல கோப்புகள் இருந்தால் 'ஷேர்டுஸ்கிரிப்ட்ஸ்' போடுங்கள், சிக்னல் ஒரே ஒருமுறை போகும். சிக்னல் கிடைத்த பிறகும் சில நிரல்கள் பழைய கோப்பில் சற்று நேரம் எழுதும். அந்த வரிகள் தொலையாமல் இருக்கத்தான், சுருக்குவதை அடுத்த சுழற்சிக்குத் தள்ளிவைக்கும் 'டிலேகம்ப்ரஸ்'. கம்ப்ரஸ் எழுதும் இடத்தில் இதையும் சேர்ப்பது நல்லது.

சிக்னலே கேட்காத நிரலுக்கு, பெயர் மாற்றாமல் நகல் எடுத்து மூலத்தைக் காலியாக்கும் 'காப்பிட்ரங்கேட்' இருக்கிறது. வேறு வழியில்லாதபோது மட்டும் அதைத் தொடுங்கள். நகல் எடுத்து முடிப்பதற்கும் மூலத்தைச் சுழியமாக்குவதற்கும் இடையில் எழுதப்பட்ட வரிகள் போய்விடும். நகலுக்கு அதே அளவு காலி இடமும் வேண்டும். நிரம்பப்போகும் டிஸ்கில் இது எங்கே கிடைக்கும்? இன்னும் மோசமானது, நிரல் கோப்பை அப்பெண்ட் முறையில் (எப்போதும் கடைசியில் சேர்ப்பது) திறக்கவில்லை என்றால் வருவது. சுழியமான கோப்பிலும் அது பழைய இடத்திலிருந்தே எழுதும். முன்பகுதி முழுக்க நல் பைட்டுகள், அதாவது வெறும் சுழியங்கள். எல்எஸ் பழைய பல ஜிபியைக் காட்டும், டியூ சில கேபியைக் காட்டும், கிரெப் இதை பைனரி கோப்பு என்று சொல்லும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நோய் இதுதான்.

சோதிக்க '-டி' இருக்கிறது. எதையும் தொடாமல், என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும். போஸ்ட்ரொட்டேட்டும் ஓடாது. அதையும் பார்க்க, விவரம் காட்டிக் கட்டாயமாகச் சுழற்றும் '-வி -எஃப்' வேண்டும். அப்போது லாக்ரொட்டேட்.டி அடைவில் உள்ள ஒற்றைத் துண்டை மட்டும் கொடுத்தால், முதன்மைக் கான்ஃபிக்கில் உள்ள கம்ப்ரஸ், எந்தப் பயனராகச் சுழற்றுவது என்று சொல்லும் 'எஸ்யூ' போன்றவை அதற்குப் பொருந்தாது. நிஜ ஓட்டத்தில் வேறு விடை வரும். முதன்மைக் கோப்பைக் கொடுத்தாலோ கணினியின் எல்லா லாக்கும் சுழலும். தேதிப் பின்னொட்டு இல்லாமல் 'ரொட்டேட் 7' (ஏழு பழைய கோப்புகள் மட்டும்) வைத்து ஏழு முறை விளையாடினால் பழைய லாக் எல்லாம் காலி. அப்புறம், புதிதாகச் சேர்த்த லாக் காலக் கணக்கில் முதல் ஓட்டத்தில் சுழலாது. கடைசிச் சுழற்சியைக் குறித்து வைக்கும் ஸ்டேட் கோப்பில் தேதி மட்டும் பதிவாகும். வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு கான்ஃபிக்கை மாற்ற வேண்டாம்.

எனக்குப் பிடிக்காதது, தவறு நடந்தால் அது ஒரு பிழை வரியோடு ஒதுங்கிவிடுவது. கான்ஃபிக் கோப்பைக் குழுவோ மற்றவர்களோ எழுத முடிந்தால் அதைப் புறக்கணித்துவிடும். அனுமதி 0644 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்), உரிமையாளர் ரூட் என்று வையுங்கள். அடைவில் வெறும் நட்சத்திரக் குறி போட்டால் சுழன்றதையே மறுபடி சுழற்றி '.1.1.1' என்று குட்டி போடும், '*.லாக்' என்று முடிவைக் கட்டுங்கள்.

யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் இதே வேலைக்கு நியூசிஸ்லாக். ஒரு லாக்குக்கு ஒரு வரி: உரிமை, எண்ணிக்கை, கேபியில் அளவு, நேரம், கொடிகள், பிஐடி கோப்பு (நிரலின் எண் எழுதிய கோப்பு), சிக்னல் எல்லாம் அந்த வரியில் அடுத்தடுத்து. மணிக்கொருமுறை ஓடுவதால் அளவுக் கணக்கு இங்கே இயல்பிலேயே பொருந்துகிறது. பிஐடி கோப்பை எழுத மறந்தால் சிக்னல் சிஸ்டம் லாக்கை எழுதும் சிஸ்லாக்டிக்குப் போய்விடும், உங்கள் நிரலுக்குப் போகாது. சிக்னலே வேண்டாத லாக்குக்கு 'என்' கொடி போட வேண்டும்.