பேட்டர்ன் மறந்துவிட்டது: ஆண்ட்ராய்டா, ஐபோனா, எதில் மீள்வது எளிது?

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ராஜபாளையத்தில் அம்மாவின் போன் பூட்டிக்கொண்டது. தையல் வேலை செய்பவருக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை. பேரன் பேட்டர்னைப் பார்த்துவிட்டான் என்று முதல் நாள் ராத்திரிதான் மாற்றியிருக்கிறார். விடிகாலையில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்திருந்தது. ஆன் செய்தால் கைரேகையை ஏற்கவில்லை, பேட்டர்ன்தான் கேட்டது. "அம்மாடி, நான் என்ன கோடு போட்டேன்னே ஞாபகம் வரமாட்டேங்குது" என்று பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டார்.

அதே மாதம் சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் அச்சு அசல் இதே கதை. அவனிடம் ஐபோன். பாஸ்கோடை மாற்றினான், மறுநாள் மறந்தான். பத்து நிமிஷத்தில் "அக்கா, திறந்திருச்சு" என்று செய்தி அனுப்பினான். அம்மாவுக்கு பதினோரு நாள் ஆனது. நாலு வருஷமாக எடுத்து வைத்திருந்த பிளவுஸ் டிசைன் படங்களும் அளவுச் சீட்டுப் படங்களும் திரும்பி வரவே இல்லை. இந்த வித்தியாசம் ஏன் என்று தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். போனில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று திரையில் போடும் பின், பேட்டர்ன், பாஸ்கோடு. இன்னொன்று அதற்குப் பின்னால் இருக்கும் கூகுள் அக்கவுண்ட் அல்லது ஆப்பிள் அக்கவுண்ட். முதல் பூட்டுக்குள் உங்கள் படங்களும் செய்திகளும் இருக்கின்றன. போன் என்ற பொருளே உங்களுடையதா என்பதை இரண்டாவது பூட்டு தீர்மானிக்கிறது. இன்றைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி உங்கள் பேட்டர்னும் போனுக்குள் இருக்கும் சிப்பும் சேர்ந்தால்தான் உருவாகும். அணைத்து ஆன் செய்த பிறகு முதல் தடவை கைரேகை வேலை செய்யாததற்கும் காரணம் இதுதான்.

காத்திருப்பதா, அழிப்பதா

இருக்கும் வழிகளில் தகவல் அழியாமல் மீள்வது பெரும்பாலும் ஞாபகப்படுத்திப் பார்க்கும் வழியில்தான். மற்ற ஏறக்குறைய எல்லா வழிகளும் போனை வெறுமையாக்கித்தான் திருப்பித் தரும். ஆனால் பதற்றத்தில் எல்லோரும் முதலில் ஓடுவது அழிக்கும் வழிக்குத்தான். நாங்களும் அப்படித்தான் ஓடினோம்.

ஆண்ட்ராய்டில் ஐந்து தடவை தவறாகப் போட்டால் பொதுவாக 30 விநாடி காக்க வைக்கும், போகப் போக நேரம் கூடும். ஐபோன் இதைவிடக் கறார். தவறுகள் கூடக்கூட நிமிஷக் கணக்கில், பிறகு மணிக் கணக்கில் நிறுத்திவைக்கும். செட்டிங்ஸில் தகவலை அழிக்கும் வசதியை ஆன் செய்திருந்தால் பத்தாவது தவறில் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதனால் ஐபோன்காரர்கள் நாலு தடவைக்கு மேல் ஊகித்துப் போடாமல் போனைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

பேட்டர்னில் ஒன்பது புள்ளிகளை வைத்து 3,89,112 விதமாகக் கோடு போடலாம். வரிசையாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் போட்டவர் கைக்கு ஒரு பழக்கம் இருக்கும். மூன்றாம் நாள் அம்மா ஒரு பிளவுஸுக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரி வளைந்தபோது பளிச்சென்று ஞாபகம் வந்துவிட்டது: அவர் போட்டிருந்தது பாட் நெக் வடிவம். அதற்குள் நாங்கள் போனை ஃபார்மட் அடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அவசரம் இல்லையென்றால் மூன்று நாளாவது பொறுங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு அன்றாட வேலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐபோன் தரும் 72 மணி நேரம்

சித்தப்பா மகனைக் காப்பாற்றியது 2023-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17-உடன் வந்த ஒரு வசதி. பாஸ்கோடை மாற்றியபின் 72 மணி நேரம் வரை பழையதை போன் மறக்காமல் வைத்திருக்கும். தவறாகப் போட்டு போன் நின்றதும், கீழே வரும் 'பாஸ்கோடு மறந்துவிட்டதா' என்பதைத் தொட்டு, பழைய பாஸ்கோடைக் கொடுத்து, புதியதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். எதுவும் அழியாது.

மறதி பெரும்பாலும் மாற்றிய மறுநாளேதான் வருகிறது. அந்த இடத்தைச் சரியாகப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் எல்லா கம்பெனி போன்களுக்கும் பொதுவாக இப்படி ஒன்று கிடையாது. ஆண்ட்ராய்டு 4.4 காலத்தில் ஜிமெயில் கொடுத்தே பேட்டர்னை நீக்கலாம். 5.0-க்குப் பிறகு அது போய்விட்டது. அந்தப் பழைய ஞாபகத்தில் இன்னும் பலர் 'ஜிமெயில் இருந்தால் திறந்துவிடலாம்' என்று நம்புகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஐபோன் தெளிவாக மேல்.

தொலைவிலிருந்து

கூகுளின் ஃபைண்ட் ஹப், ஆப்பிளின் ஃபைண்ட் மை இரண்டுமே காணாமல் போன போனுக்காக வந்தவை. வேறொரு போனிலோ கணினியிலோ உங்கள் அக்கவுண்டில் நுழைந்து, பூட்டிய போனை அங்கிருந்தே அழிக்கலாம். இங்கே இருந்துகொண்டு புதிய பேட்டர்ன் வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே லாக் இருக்கும் போனில் ஃபைண்ட் ஹப் அதை மாற்றாது. போனில் இணையம் இருந்தால்தான் இதுவும் நடக்கும்.

ஐஓஎஸ் 15.2-இலிருந்து ஐபோனின் பூட்டிய திரையிலேயே அழிக்கும் பொத்தானும் வந்துவிட்டது. ஆப்பிள் அக்கவுண்ட் பாஸ்வேர்டு தெரிந்தால் கணினியே வேண்டாம்.

பட்டனை அழுத்தி ஹார்டு ரீசெட்

பவர், வால்யூம் பட்டன்களைச் சேர்த்து அழுத்தி ரெகவரி என்ற பழுதுநீக்கும் திரைக்குள் போய் எல்லாவற்றையும் அழிக்கும் பழைய வழி. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிந்தைய சாம்சங் போன்களில், யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்தால்தான் அந்தத் திரையே வரும். இது தெரியாமல் மணிக்கணக்கில் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஐபோனுக்கும் கேபிளும் கணினியும் வேண்டும்.

அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு மொபைல் கடையில் ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். ஆன் செய்தால், முன்பு இருந்த ஜிமெயிலைக் கொடு என்று நின்றுவிட்டது. இதுதான் எஃப்ஆர்பி லாக். திருடியவன் அழித்துவிட்டு விற்கக் கூடாது என்பதற்காக 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்தது. ஆப்பிளில் இதற்கு முன்பே, 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் ஆக்டிவேஷன் லாக் வந்துவிட்டது.

அம்மாவின் ஜிமெயில் எங்கள் யாருக்கும் தெரியாது. போன் வாங்கிய கடையில் இருந்த பையன் அவசரத்தில் போட்டுக்கொடுத்தது அது. நம் ஊரில் எத்தனை அம்மாக்களின், அப்பாக்களின் போன்கள் இப்படி ஒரு கடைப் பையன் வைத்த ஜிமெயிலில் ஓடிக்கொண்டிருக்கின்றன! பிளே ஸ்டோர் ஒழுங்காக வேலை செய்யும்வரை யாரும் கேட்பதில்லை.

கடையா, சர்வீஸ் சென்டரா

எஃப்ஆர்பி எடுக்க இன்னும் ஆயிரத்து ஐநூறு கேட்டார்கள். இரண்டு நாள் வைத்திருந்து, முடியவில்லை என்று திருப்பித் தந்தார்கள். முன்பெல்லாம் ஏதாவது சந்து கண்டுபிடித்து உள்ளே போய்விடுவார்கள். 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15 அந்தச் சந்துகளில் பலவற்றை அடைத்துவிட்டது. அடைத்தது சரிதான் என்றே நினைக்கிறேன். கடைக்காரர் திறக்க முடிந்தால் திருடனும் திறக்க முடியும்.

'டேட்டா போகாமல் திறந்து தருகிறோம்' என்று பணம் கேட்கும் மென்பொருள்களை நம்ப வேண்டாம். 2016-இல் ஒரு ஐபோன் 5சி-யைத் திறக்க அமெரிக்காவின் எஃப்பிஐ ஆப்பிள் மீது நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கலாம். அதற்குப் பிறகு வந்த போன்கள் இன்னும் இறுக்கமானவை. இணையத்தில் விற்கும் மென்பொருள் பெரும்பாலும் செய்வது, நீங்களே இலவசமாகச் செய்யக்கூடிய ரீசெட்டைத்தான்.

கடைசியில் எங்களுக்கு உதவியது பரணில் கிடந்த பெட்டியும் அதற்குள் மடித்து வைத்திருந்த பில்லும். மதுரையில் அந்த போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பில்லையும் போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணையும் சரிபார்த்து, அம்மாவின் ஆதாரைப் பார்த்து, எஃப்ஆர்பியை எடுத்துக் கொடுத்தார்கள். ஆப்பிளும் வாங்கிய அசல் ரசீது இருந்தால் ஆக்டிவேஷன் லாக்கை நீக்கக் கோரிக்கை ஏற்கிறது. ஆனால் நம் வீடுகளுக்கு வரும் ஐபோன்களில் பாதி, வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ அத்தானோ கொண்டு வந்து கொடுத்தவை. ரசீது யாரிடம் இருக்கிறது? அக்கவுண்டையும் மறந்துவிட்டால் அந்த போனை மீட்பது ரொம்பக் கடினம். இந்த இடத்தில், உள்ளூரில் பில்லோடு வாங்கிய ஆண்ட்ராய்டுதான் மேல்.

சிம், இ-சிம்

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. அக்கவுண்ட் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமானால் ஓடிபி வரும். பூட்டிய போனுக்கு வந்தால் என்ன செய்வது? தட்டில் இருக்கும் சிம் என்றால் ஒரு ஊசியால் வெளியே எடுத்து வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம்மை அப்படிக் கழற்ற முடியாது. சிம் கம்பெனியிடம் போய் மாற்று சிம் வாங்க வேண்டும், வாங்கிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. ஐபோன் 14-இலிருந்து அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் தட்டே இல்லை. வீட்டில் ஒரே போன், அதுவும் இ-சிம் என்றால், அக்கவுண்டில் இன்னொருவர் எண்ணையும் சேர்த்து வைப்பது அவசியம்.

கூகுள் அக்கவுண்டை மீட்கும்போது இன்னொரு விஷயம் உதவும். நீங்கள் வழக்கமாக இருக்கும் வீட்டு வைஃபையிலிருந்து, முன்பு அதே அக்கவுண்டில் நுழைந்த கணினியில் முயற்சி செய்யுங்கள். புதிய இடத்திலிருந்து முயன்றால் கூகுள் சந்தேகப்படும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் உடனே ரீசெட் செய்யாமல் 24 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது கூகுள்.

திரும்பக் கிடைப்பது எவ்வளவு

பணம் பற்றிப் பயப்பட வேண்டாம். அது வங்கியில் இருக்கிறது. சிம் கையில் இருந்தால் யூபிஐயை மறுபடி பதிந்துகொள்ளலாம், டெபிட் கார்டு விவரம் கொடுத்துப் புதிய பின் போடலாம். வாட்ஸ்அப்பும் எண்ணைச் சரிபார்த்துத் திறக்கும், பேக்கப் இருந்தால் பழைய செய்திகளும் வரும். அந்த பேக்கப்புக்குத் தனியாகப் பாஸ்வேர்டு போட்டு அதையும் மறந்திருந்தால் வராது.

படங்கள்தான் உண்மையான இழப்பு. கூகுள் இலவசமாக 15 ஜிபி தருகிறது, ஆப்பிள் 5 ஜிபி. ஐந்து ஜிபி சில மாதங்களிலேயே நிறைந்து பேக்கப் நின்றுவிடும், பலர் அந்த அறிவிப்பைப் பார்ப்பதே இல்லை. இதில் ஆண்ட்ராய்டு தாராளம். ஆனால் கூகுள் போட்டோஸில் பேக்கப்பை ஆன் செய்திருக்க வேண்டும். அம்மா போனில் அது ஆனில் இல்லை.

எழுதி வைப்பதா, ஆளிடம் ஒப்படைப்பதா

பாஸ்வேர்டு மேனேஜர் நல்லதுதான், ஆனால் அது அதே போனுக்குள் இருந்தால் போனோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஓடிபிக்குப் பதிலாகப் போட கூகுள் தரும் பத்து பேக்கப் எண்களை அச்சிட்டு பீரோவில் வைக்கலாம், ஒவ்வொன்றும் ஒரு தடவை வேலை செய்யும். ஆப்பிளில் 2021-இலிருந்தும், கூகுளில் 2025 அக்டோபரிலிருந்தும், நம்பிக்கையான ஒருவரை மீட்புக்கான தொடர்பாகச் சேர்க்கலாம். அவர் உங்கள் அக்கவுண்டைப் பார்க்க முடியாது, உங்களை அடையாளம் காட்டி உள்ளே விட உதவ மட்டுமே முடியும். பெரியவர்களுக்கு இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அம்மாவுக்கு இரண்டும் செய்தோம். புது ஜிமெயில் அவரே சொல்லச் சொல்ல நான் போட்டது, மீட்பு எண் என்னுடையது. பாஸ்வேர்டைத் தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், யாரோ ஒரு வாடிக்கையாளரின் இடுப்பு அளவு போல எழுதி வைத்திருக்கிறார். பேட்டர்ன் மறுபடியும் பாட் நெக்தானா என்று நான் கேட்கவில்லை.