சிபிஇசட் போகணும், பென்சைல் ஈதர் நிக்கணும்: எந்த ஹைட்ரஜனேற்றம்?

செரின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜனில் சிபிஇசட் (பென்சைலாக்சிகார்பனைல் என்ற தற்காலிகக் காப்புத் தொகுதி), ஆக்சிஜனில் பென்சைல், அமில முனையில் மெத்தில் எஸ்டர். கழல வேண்டியது சிபிஇசட் மட்டும். பலேடியமும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் இரண்டு காப்புத் தொகுதிகளுமே உடையும். சிபிஇசட் சீக்கிரம், அலிபாட்டிக் (ஆக்சிஜன் நேரடியாக அரோமாட்டிக் வளையத்தில் ஒட்டாத) பென்சைல் ஈதர் மெதுவாக. இந்த வேக வித்தியாசத்தை எந்த முறை பெரிதாக்குகிறது என்பதே கேள்வி.

வெறும் 10% பலேடியம்-கார்பன், மெத்தனால், ஹைட்ரஜன் பலூன்: 1 மில்லிமோலுக்கு (343 மி.கி.) 34 மி.கி. வினையூக்கி, 5 மி.லி. மெத்தனால். நடக்கும், ஆனால் டிஎல்சியை (வினையின் போக்கைக் காட்டும் மென்படல நிறப்பிரிகையை) விட்டு நகர முடியாது. வினையூக்கியின் வீரியம் டப்பாவுக்கு டப்பா மாறும். முந்தைய படியின் டைகுளோரோமீத்தேன் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி, ஈதர் உடைவது வேகமெடுக்கும். இதில் ஒரு கண்ணி உண்டு: ஈதரும் போய்விட்ட செரின் மெத்தில் எஸ்டர் நீரில் கரைந்துவிடும். பிரித்தெடுத்த பிறகு என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) சுத்தமாகவே தெரியும். எடை மட்டும் குறையும். கழுவுவதற்கு முன்பே, அமின்களை நிறமாகக் காட்டும் நின்ஹைட்ரினை டிஎல்சித் தட்டில் தெளித்துப் பாருங்கள். டிஎல்சியின் அடிக்கோட்டில் ஊதாப் புள்ளி வந்தால் ஈதர் உடைகிறது.

இரண்டாவது வழி அதே கலவையோடு 0.5 ஈக்விவேலண்ட் (மோல் கணக்கில் சேர்மத்தின் பாதி அளவு) அம்மோனியா அல்லது அம்மோனியம் அசிடேட் சேர்ப்பது. ஜப்பானில் சஜிகியும் ஹிரோட்டாவும் 1990-களில் விரிவாக ஆராய்ந்த முறை இது. நைட்ரஜன் காரம் பலேடியத்தின் மேல் உட்கார்ந்து அதன் வேகத்தை மட்டுப்படுத்தும். சிபிஇசட் அதையும் மீறிக் கழலும், அலிபாட்டிக் பென்சைல் ஈதர் நின்றுவிடும். எஸ்டர் இருப்பதால் அம்மோனியாவைவிட அம்மோனியம் அசிடேட்டையே (39 மி.கி.) தேர்ந்தெடுப்பேன், பைகார்பனேட் கழுவலில் அது போய்விடும். சிபிஇசட்டிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு குடுவையில் தேங்கி ஹைட்ரஜனை நீர்க்கச் செய்யும், அதனால் இடையிடையே காலிசெய்து புது ஹைட்ரஜன் நிரப்ப வேண்டும். என்எம்ஆரில் 5.1 பிபிஎம் அருகிலுள்ள சிபிஇசட்டின் சிஎச்2 மறைந்து, 4.5 அருகிலுள்ள ஈதரின் சிஎச்2 நின்றால் வேலை சரி.

அம்மோனியம் ஃபார்மேட் (5 ஈக்விவேலண்ட், 315 மி.கி.) வழிக்கு சிலிண்டரே வேண்டாம், ஹைட்ரஜனை அந்த உப்பே தரும். சிபிஇசட் அறை வெப்பத்திலேயே சுறுசுறுப்பாகக் கழலும். சூடாக்கினால் ஈதரும் போகும், கண்டென்சரில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். வாயு வெளியேற வழி விடாமல் மூடவே கூடாது. சிலிண்டர் இல்லாத ஆய்வகத்துக்கு நல்ல துணை. ஈதரைக் காப்பாற்றுவதில் இரண்டாவது வழிக்குப் பின்னால்தான்.

பியர்ல்மன் வினையூக்கி (பலேடியம் ஹைட்ராக்சைடு-கார்பன்) இங்கே வேண்டாம்; சிபிஇசட்டும் ஈதரும் சேர்ந்தே போக வேண்டுமென்றால் அதை எடுக்கலாம்.

எந்த வழியானாலும் உலர்ந்த பலேடியம்-கார்பன் மேல் காற்றில் மெத்தனால் ஊற்றினால் தீப்பிடிக்கும். முதலில் நைட்ரஜன், பிறகு கரைப்பான். ஈர வினையூக்கி இன்னும் பாதுகாப்பு. வடிகட்டும்போது செலைட் (வடிகட்டும் பொடி) படுகையைக் காயவே விடாதீர்கள்.

விளைபொருளான அமினோ எஸ்டரை அப்படியே வைத்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்து டைகீட்டோபிப்பரசீன் ஆகும். ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கி வையுங்கள், ஆனால் வினையூக்கியை வடித்த பிறகே. முன்னாலேயே அமிலம் விட்டால், அதுவரை காத்த ஈதர் போய்விடும்.

டைரோசின் என்ற அமினோ அமிலம் போல ஃபீனாலில் (அரோமாட்டிக் வளையத்தில் ஒட்டிய ஆக்சிஜனில்) பென்சைல் இருந்தால் அம்மோனியா போதாது. 2,2'-டைபிரிடைல் போன்ற வேறு நைட்ரஜன் காரம் சேர்க்க வேண்டும்.